மறு உத்தரவு வரும்வரை

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். நானூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் நுழையுங்கள். விளக்கு சுவிட்சுக்கு மேலே கண்ணும் வாயும் வரைந்த பச்சை இலை ஒன்று ஒட்டியிருக்கிறதா? 'போகும்போது என்னை அணைப்பாயா?' என்று அந்த இலை கெஞ்சுகிறதா? அப்படியானால் அவர் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறார். மின்சார சிக்கனக் குழுத் தலைவர்.

பூமியைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், பூமி அவருக்குக் கீழே வேலை பார்க்கும் குமாஸ்தா, உடம்பு சரியில்லை, விடுப்பு கேட்கக் கூச்சப்படுகிறது என்றுதான் நினைப்பீர்கள். அவ்வளவு பரிவு. விளக்கை அவரே அணைக்க மாட்டார். மாடிக்கு ஒருவரை விளக்கணைப்புப் பொறுப்பாளராக நியமித்து, அந்தப் பொறுப்பாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்து, வகுப்பு முடிந்ததும் எல்லோரும் சான்றிதழோடு படம் எடுத்துக்கொண்டு கலைந்த பிறகு பார்த்தால், பயிற்சி நடந்த அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இந்த இனத்தில் நல்ல மாதிரி ஒன்று சுரபாயாவில் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. பெயர் சுகெங். பாக் என்ற மரியாதையை முன்னால் ஒட்டாமல் அந்தப் பெயரை நாங்கள் யாரும் உச்சரித்ததில்லை. பதினோரு மாடிக் காப்பீட்டு நிறுவனம்; அவர் பொது நிர்வாகத் தலைவர்; மேசை முதல் மரக்கன்று வரை அவர் கையெழுத்தில்லாமல் நகராது. அவரைக் கேலி செய்ய எனக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். அவருடைய குழுவில் நானும் உறுப்பினன். குழுப் படத்தில் இரண்டாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவன் நான்தான்.

ஜகார்த்தா தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்ததுதான் ஆரம்பம். மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு கிளையும் மின்சாரப் பயன்பாட்டை நூற்றுக்குப் பத்து குறைக்க வேண்டும். குறைத்த கிளைக்குக் கேடயம். குறைக்காத கிளையின் பொது நிர்வாகத் தலைவர் ஜகார்த்தாவுக்கு நேரில் வந்து இயக்குநர்கள் முன்னால் காரணம் சொல்ல வேண்டும்.

பாக் சுகெங் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, வேறு யாராக இருந்தாலும் மின்சார மீட்டரைப் போய்ப் பார்த்திருப்பார்கள்; அவர் பதாகை அடிப்பவருக்குத் தொலைபேசினார்.

அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் நாட்டில் பதாகை இல்லாமல் எதுவும் நடந்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கூட்டம் நடந்ததற்குச் சாட்சி பதாகை. பதாகை இருந்ததற்குச் சாட்சி அதன் முன்னால் நின்று எடுத்த படம். மாடிக்கு ஒன்றாகப் பதினோரு பிளாஸ்டிக் பதாகைகள் வந்தன. அவை சரியாகத் தெரியவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெரிய விளக்குகள் வைத்தோம். எல்லோருக்கும் பச்சைச் சட்டை தைத்தோம். காகிதத்தைச் சேமிக்கச் சொல்லி நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தாள் அச்சடித்துக் கொடுத்தோம். தேதி தப்பாகிவிட்டதால் மறுபடி நானூற்றுப் பன்னிரண்டு. முழக்கம் ஒன்றும் தயார் செய்தோம். தலைவர் கையை மடக்கி "சுரபாயா!" என்று கத்துவார்; நாங்கள் மூன்று தரம் "அணை! அணை! அணை!" என்று கத்த வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்துப் பக்கத்தில் ஒரு மாங்கன்றும் நட்டோம். அதே குழியில்தான் வருஷா வருஷம் ஏதாவது ஒன்றை நடுகிறோம். அந்தக் குழிக்கு எங்கள் அலுவலகத்தில் என்னைவிட அனுபவம் அதிகம்.

மதிய உணவு நேரத்தில் விளக்குகளை அணைக்க உத்தரவானது. இருட்டில் சாப்பிட்டோம். எது கோழி, எது வெறும் மிளகாய் என்று நாக்குதான் கண்டுபிடித்தது. ஆனால் ஏசி மட்டும் எப்போதும்போல ஓடியது. வெளியே தார் உருகும் வெயில். உள்ளே நாங்கள் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட். 'உடம்புக்குள் காற்றுப் புகுந்துவிட்டது' என்று ஏதாவது ஒரு மேசையில் யாராவது தைல பாட்டிலைத் திறந்தபடி இருப்பார்கள். ஐந்தாவது மாடியில் பெண்கள் அந்தக் காற்றை வெளியேற்ற ஒருவருக்கொருவர் முதுகில் காசால் சுரண்டிவிட ஒரு மூலையே ஒதுக்கியிருந்தார்கள். ஏசியைக் குறைத்தால் என்ன என்று யாராவது கேட்டீர்களா என்கிறீர்களா? குளிர்தானே பெரிய அலுவலகத்துக்கு அடையாளம்! வேர்த்தால் அது தபால் நிலையம்.

முதல் மாதம் முடிந்தது. பயன்பாடு நூற்றுக்கு இரண்டு கூடியிருந்தது.

"விழிப்புணர்வு ஏறும்போது கொஞ்சம் மின்சாரமும் ஏறும். அது இயற்கை," என்றார் பாக் சுகெங். பதாகை விளக்குகளை மட்டும் கழற்றினோம். இரண்டாவது மாதம் பயன்பாடு பழைய இடத்துக்கே வந்து நின்றது. அதற்காக ஒரு சின்னக் கொண்டாட்டம் வைத்தோம்.

ஆனால் மூன்றாவது மாதம் பிறந்ததும் அவர் முகம் மாறியது. ஜகார்த்தா இயக்குநர்கள் முன்னால் நிற்பதை நினைத்து அவருக்குத் தூக்கம் போயிற்று. ஒரு புதன்கிழமை குழுவை அவசரமாகக் கூட்டினார். ஆளுக்கொரு தின்பண்டப் பெட்டி: வாழையிலையில் சுற்றிய கோழி வைத்த ஒட்டரிசி, ஒரு பொரித்த சுருள், ஒரு துண்டு பச்சைக் கேக், பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர், அதற்கு ஒரு உறிஞ்சுகுழல். வராத உறுப்பினரின் பெட்டியையும் நானே சாப்பிட்டேன். உணவை வீணாக்குவது பூமிக்கு நல்லதில்லை.

"யாரோ ஒருத்தர் மின்சாரத்தைத் தின்னுட்டு இருக்காங்க," என்றார் பாக் சுகெங், துப்பறிபவரைப்போல எங்களைச் சுற்றிப் பார்த்து. "யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

கட்டடப் பொறியாளர் தர்மின் தொண்டையைச் செருமினார். ஐம்பத்திரண்டு வயது, நடுவிரலில் எண்ணெய்க் கறை, பேச ஆரம்பிப்பதற்கு முன் மூன்று தரம் யோசிக்கும் மனிதர். "பாக், மொட்டை மாடியில இருக்கிற பெரிய ஏசி மிஷின் விஷயமா ஒண்ணு சொல்லணும்னு..."

"அது டெக்னிக்கல் சமாச்சாரம் பாக் தர்மின். அடுத்த கூட்டத்துல தனியா எடுத்துக்கலாம்."

"போன கூட்டத்திலயும் அப்படித்தான் சொன்னீங்க, பாக்."

"அதான் சொல்றேன், அடுத்ததுல."

தர்மின் தம் தின்பண்டப் பெட்டியை மூடி வைத்தார். மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாராவது ஏதாவது ஒன்றைச் சொன்னால்தான் வீட்டுக்குப் போக முடியும் என்ற நிலைமை. அந்த யாரோ ஒருவர் சொன்னார்: "பின்படிக்கட்டுக்குக் கீழே இபு துமினா வெச்சிருக்கிற ஃப்ரிட்ஜ் ரொம்பப் பழசு. நாள் பூரா கடகடன்னு ஓடிட்டே இருக்கு."

அந்த யாரோ நான்தான். இதற்குமேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பாக் சுகெங்கின் முகம் மலர்ந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டாள்! அதுவும் சம்பளப் பட்டியலில் இல்லாத குற்றவாளி. எல்லோரும் இபு, அதாவது அம்மா, என்று கூப்பிடும் துமினா அந்தப் படிக்கட்டுக்குக் கீழே காப்பி, ஐஸ் டீ, வாழைப்பழ பஜ்ஜி விற்றுக்கொண்டிருப்பவள். அவள் கணவன் இதே கட்டடத்தில் காவலாளியாக இருந்து இறந்தபோது, யாரோ நல்ல மனசுக்காரர் அந்த இடத்தையும் ஒரு பிளக்கையும் அவளுக்குக் கொடுத்தார். ஐஸ் இல்லாவிட்டால் சுரபாயாவில் யார் டீ குடிப்பார்கள்? ஃப்ரிட்ஜ் போனால் கடை போயிற்று. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கையைத் தூக்கினோம்.

வெள்ளிக்கிழமை காலை, அலுவலகத்தின் வாராந்தர உடற்பயிற்சி முடிந்ததும், எல்லோர் முன்னிலையிலும் பிளக்கைப் பிடுங்கும் விழா என்று தீர்மானமாயிற்று. பதாகைக்காரருக்கு அன்றைக்கே செய்தி போனது. 'பழைய ஃப்ரிட்ஜுக்கு நன்றியும் விடையும்.'

இப்போது ஒரு சங்கடம். இபு துமினாவிடம் யார் சொல்வது? குழு முழுக்கத் தலைவரைப் பார்த்தது. தலைவர் தினமும் காலை பத்து மணிக்கு அவள் கடையில் நின்று ஐஸ் டீ குடிப்பவர். வியாழக்கிழமையும் பத்து மணிக்குப் போனார். ஸ்வெட்டரைக் கழற்றாமலேயே டீயை வாங்கினார். பாதி குடித்த பிறகுதான் சொல்ல முடிந்தது.

இபு துமினா பஜ்ஜியைத் திருப்பிப்போட்டுக்கொண்டே கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சுரபாயாக்காரி; எங்கள் ஊர்க்காரர்களுக்கு முகத்துக்கு நேரே கேட்டுத்தான் பழக்கம்.

"உள்ள குளிருதுன்னு ஸ்வெட்டர் போடுறீங்க. அப்புறம் சூடாயிருக்குன்னு வெளிய வந்து ஐஸ் டீ குடிக்கிறீங்க. நடுவுல என் ஃப்ரிட்ஜ் என்னா பாக் பண்ணிச்சு?"

"அது கம்பெனி இலக்கு, இபு..."

"இலக்காம். ஞாயித்துக்கெழமை உள்ளார யாரு இருக்காங்க? பேயா?"

"ஞாயித்துக்கிழமையா? யாரும் இல்லையே."

"அப்போ இது எப்படி ரொம்புது?" கரண்டியால் ஒரு பச்சை வாளியைக் காட்டினாள். சுவரை ஒட்டி இறங்கும் ஏசிக் குழாயின் வாய்க்குக் கீழே அந்த வாளி இருந்தது. சொட், சொட் என்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "டம்ளர் கழுவ, உங்க மாங்கன்னுக்கு ஊத்த, எல்லாத்துக்கும் இந்தத் தண்ணிதான். நீங்க நட்டுப் போட்டோ புடிச்சிட்டுப் போனீங்க, ஊத்துனது யாரு? ஞாயித்துக்கெழமை ஃப்ரிட்ஜ் கழுவ வருவேன். ஆபீஸ் பூட்டியிருக்கும். ஆனா வாளி ரொம்பியிருக்கும் பாக். வார நாளைவிட நல்லா ரொம்பும்."

பாக் சுகெங் டீயை வைத்துவிட்டு வாளியைப் பார்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. யாருமில்லாத பதினோரு மாடி, யாருக்காகவோ குளிர்ந்து, குளிர்ந்து, அதன் வேர்வை இந்த வாளியில் வந்து விழுகிறது. கணக்குப் புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை. நேராக மொட்டை மாடிக்குப் போனார். மின்தூக்கியில்தான்.

"பாக் தர்மின்! இந்த மிஷின் ஞாயித்துக்கிழமையும் ஓடுதா?"

"ஓடுது, பாக்."

"ராத்திரியும்?"

"ஓடுது, பாக். பெருநாளுக்கும் ஓடுது."

"எந்த முட்டாள் அப்படி உத்தரவு போட்டான்?"

தர்மின் வழக்கம்போல மூன்று தரம் யோசித்தார். பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவைத் திறந்தார். உள்பக்கம் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தையது. ஜகார்த்தாவிலிருந்து ஓர் இயக்குநர் ஞாயிறன்று திடீரென்று வந்து, வேர்த்து, அவருடைய பட்டு பாத்திக் சட்டை நனைந்துபோன வாரத்தில் எழுதப்பட்டது. 'இனி எக்காலத்திலும் குளிரூட்டும் இயந்திரம் நிறுத்தப்படக் கூடாது. மறு உத்தரவு வரும்வரை இது அமலில் இருக்கும்.' கீழே பொது நிர்வாகத் தலைவரின் கையெழுத்து. வளைந்து வளைந்து போய்க் கடைசியில் மீன் வாலைப்போல முடியும் கையெழுத்து. அந்த மீன் வாலை எங்கே பார்த்தாலும் எங்கள் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். அவருக்கும் தெரிந்தது.

இடது மூலையில், தட்டச்சு செய்தவரின் முதலெழுத்தும் சின்னதாக இருந்ததாம். அது யாருடையது என்பது இந்தக் கதைக்கு அவ்வளவு முக்கியமில்லை.

"மறு உத்தரவு வரலை, பாக்," என்றார் தர்மின். குத்திக்காட்டவில்லை. உண்மையைச் சொன்னார். பதினோரு வருஷமாக அவர் அதற்காகத்தான் காத்திருந்தார்.

"நீங்களாவது நிறுத்தியிருக்கலாமே?"

"உத்தரவை மீற முடியாதே, பாக். போட்ட நாற்காலிதான் ரத்து பண்ணணும். பழைய உத்தரவோட எண்ணைப் போட்டு, தேதியைப் போட்டு."

அதாவது, ரத்து செய்தால் எது ரத்தாகிறது, யார் போட்டது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பாக் சுகெங் அன்று மாலைவரை தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழி இல்லாமல் இல்லை. பழைய உத்தரவை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கலாம். அது ஆராய்ந்து முடிக்க ஒரு வருஷம் ஆகும். அதற்குள் ஃப்ரிட்ஜைப் பிடுங்கிப் படம் எடுத்து அனுப்பிவிட்டால், 'முயற்சி செய்தோம்' என்று ஜகார்த்தாவில் சொல்லலாம். எண் குறையாவிட்டாலும் படம் இருக்குமே. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவரும் துணைக்குழுவுக்கு ஒரு பெயர்கூட யோசித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. உடற்பயிற்சி முடிந்து, நானூறு பச்சைச் சட்டைகள் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து பின்படிக்கட்டுவரை மூச்சு வாங்க நின்றன. பதாகை கட்டியாயிற்று. இபு துமினா ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைத்து வைத்திருந்தாள். கடைசி ஐஸ் கட்டிகளையெல்லாம் டம்ளர்களில் போட்டு டீயை ஊற்றி வரிசையாக வைத்திருந்தாள்.

"உருகிப்போயிடும். எல்லாரும் குடிச்சிட்டுப் போங்க. காசு வேணாம்," என்றாள்.

நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

பாக் சுகெங் "சுரபாயா!" என்று கத்தினார். நாங்கள் "அணை! அணை! அணை!" என்றோம். அவர் குனிந்து பிளக்கைப் பிடித்தார். படம் எடுப்பவர், "பாக், இந்தப் பக்கம்! ஒண்ணு, ரெண்டு..." என்றார்.

சொட்.

வாளியில் ஒரு துளி விழுந்தது. நானூறு பேர் நிற்கும் இடத்தில் அவ்வளவு சின்னச் சத்தம் கேட்காது என்பீர்கள். அவருக்குக் கேட்டது. பிளக்கைப் பிடித்த கை அப்படியே நின்றது. படம் எடுப்பவர் 'மூன்று' சொல்லிப் படமும் எடுத்துவிட்டார். அவர் இழுக்கவில்லை. மெல்ல நிமிர்ந்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து தர்மினிடம் நீட்டினார்.

"பாக் தர்மின், மொட்டை மாடி மிஷினை இனிமே சாயந்தரம் ஆறு மணிக்கு நிறுத்துங்க. சனி, ஞாயிறு போடவே கூடாது. பழைய உத்தரவு ஒண்ணு இருக்கு. அது ரத்து."

"யாரு போட்ட உத்தரவு பாக் அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்போ இருந்த பொது நிர்வாகத் தலைவர் போட்டது."

"அது நீங்கதானே, பாக்?" என்றாள் இபு துமினா.

பாக் சுகெங் தம் வழுக்கைத் தலையை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

"அந்த ஆளுக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு, இபு," என்றார். "இவன் வேற."

முதலில் சிரித்தவள் அவள்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம். அவர் ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தமக்கென்று வைத்திருந்த டீயை ஒரே மூச்சில் குடித்தார். காசையும் வைத்துவிட்டுப் போனார்.

அந்த மாதம் பயன்பாடு நூற்றுக்குப் பதினேழு குறைந்தது. இலையும் முழக்கமும் இருட்டுச் சாப்பாடும் சேர்ந்து செய்ய முடியாததை, ஒரு மனிதர் தம் கையெழுத்தைத் தாமே அடித்ததில் முடித்துவிட்டார். இங்கே கதையை நிறுத்தினால் எல்லோரும் நல்லவர்களாக வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் படம் இருக்கிறதே! பாக் சுகெங் பிளக்கைப் பிடித்தபடி சிரிக்கிறார். பின்னால் 'பழைய ஃப்ரிட்ஜுக்கு நன்றியும் விடையும்' என்று பதாகை. வழக்கப்படி எங்கள் அலுவலகம் அதை அன்றைக்கே ஜகார்த்தாவுக்கு அனுப்பிவிட்டது. பதினேழு என்ற எண் பிறகு போய்ச் சேர்ந்தது. தலைமையகம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. கேடயம் வந்தது. கூடவே எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை: 'சுரபாயா காட்டிய வழியில், அலுவலக வளாகங்களில் உள்ள பழைய ஃப்ரிட்ஜுகள் அனைத்தும் மாத இறுதிக்குள் அகற்றப்பட வேண்டும். மறு உத்தரவு வரும்வரை இது அமலில் இருக்கும்.'

மலாங் கிளையில் ஒரு படிக்கட்டுக்குக் கீழே, மக்காசார் கிளையில் ஒரு காவலறைக்குப் பின்னால், எத்தனை இபு துமினாக்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பாக் சுகெங் சுற்றறிக்கையைப் படித்துவிட்டுக் கேடயத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உண்மை என்னன்னு ஜகார்த்தாவுக்கு ஒரு கடிதம் எழுதணும். குறைஞ்சது மிஷினால, ஃப்ரிட்ஜால இல்லைன்னு. கேடயத்தைத் திருப்பிக் கேட்டாலும் பரவாயில்ல. நீ எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"சரி, பாக்."

"அந்தப் பழைய உத்தரவை டைப் அடிச்சதும் நீதானே? இதையும் நீயே அடி."

மாத இறுதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கடிதத்துக்கு ஒரு நல்ல தொடக்கம் கிடைக்கவில்லை. தலைமையகம் தவறு செய்துவிட்டது என்பதைத் தலைமையகத்துக்கு மரியாதையாக எப்படிச் சொல்வது? யோசித்துக்கொண்டிருக்கையில் இந்தக் கேலியை எழுதி முடித்துவிட்டேன். இது சுலபமாக வந்தது; பாக் சுகெங்கைப் பற்றியது அல்லவா? இன்று ஞாயிற்றுக்கிழமை. கீழே வாளி காலியாக இருக்கிறது. மாங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவென்று அவர் பன்னிரண்டு கிலோமீட்டர் காரில் வந்துபோனார். நான் மட்டும் மேலே, ஆளில்லாத மாடியில், ஏசி ஓடாததால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதோ, கடிதத்தைத் தொடங்கப்போகிறேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். சந்தோஷம். எழுந்து போகும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: பக்கத்து அறையை எட்டிப் பாருங்கள். யாருமில்லாமல் அங்கே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால், அதைப் போட்டது யார் என்று சத்தம் போட்டு விசாரிக்காதீர்கள். பேசாமல் போய் அணைத்துவிடுங்கள். விசாரித்தால் பதில் தெரிந்துவிடும்.